இறந்தவருக்காக என்ன செபம், எத்தனை பூசை, எரிக்கலாமா?

கேள்வி இது: “கத்தோலிக்கக் குடும்பத்தில் ஒருவர் சாகும் நிலையில் இருக்கும்போது தொடங்கி, அடக்கம் முடிந்து அடுத்த மாதங்கள் வரை, திருச்சபை முறைப்படி என்னென்ன செய்ய வேண்டும்? எரிப்பது பாவமா? இறந்தவருக்காக எந்தச் செபம், எத்தனை பூசை?”

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். கத்தோலிக்க அடக்கச் சடங்கு என்பது இறந்தவருக்காக மன்றாடும் வழிபாடு. அவரைப் பாராட்டுவதற்காக அது ஏற்படவில்லை. “அவர் மோட்சத்துக்குப் போய்விட்டார்” என்று நாமே தீர்ப்பு எழுதிவிட்டால், அவருக்காகச் செபிக்க எதுவும் மிச்சமில்லை. யூதா மக்கபே, போரில் விழுந்த தம் வீரர்களுக்காக 2000 வெள்ளி திராக்மா திரட்டி, பாவம் போக்கும் பலிக்கென எருசலேமுக்கு அனுப்பினார் (2 மக்கபேயர் 12:43). 1439-இல் புளோரன்ஸ் சங்கமும், 1563-இல் திரிதெந்தின் சங்கமும் உத்தரிக்கிற நிலை (இறந்த ஆன்மா மோட்சத்துக்கு முன் தூய்மை பெறும் நிலை) பற்றிச் சொன்னதன் சாரம் இதுதான்: இறந்தவர்களுக்கு உயிரோடிருப்பவர்களின் மன்றாட்டு உதவும், எல்லாவற்றிலும் மேலாகத் திருப்பலி உதவும். கீழே வரும் விதிகளில் பாதிக்கு இதுவே காரணம்.

இறப்புக்கு முன்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெரிய தவறு அங்கேதான் நடக்கிறது. மூச்சு நின்ற பிறகு குருவானவரைக் கூப்பிடுகிறார்கள். நோயில்பூசுதல் உயிரோடிருப்பவருக்கான அருளடையாளம். இறந்தவருக்கு எண்ணெய் பூச மாட்டார்கள். செபம் மட்டும் சொல்வார்கள். உயிர் போய்விட்டதா இல்லையா என்ற சந்தேகம் இருந்தால் பூச வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் (எண் 1005) சொல்கிறது. நோய் கடுமையானவுடனேயே கூப்பிட வேண்டும். நோயாளிக்கு நினைவு இருக்கிறதா, பேச முடிகிறதா, விழுங்க முடிகிறதா என்ற மூன்றையும் தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். எதை முதலில் கொடுப்பது என்று அவர் முடிவு செய்ய அது போதும். நேரம் இருந்தால் பாவசங்கீர்த்தனம், நோயில்பூசுதல், வழியுணவாக நற்கருணை என்று போகும். நேரம் இல்லையென்றால் பாவசங்கீர்த்தனம் முடிந்ததும் நற்கருணை, பிறகுதான் பூசுதல். உண்மையில் ‘கடைசி’ அருளடையாளம் நற்கருணைதான். ‘அவஸ்தைப்பூசுதல்’ என்ற பழைய பெயர்தான் ஆளை மாற்றி யோசிக்க வைக்கிறது. கட்டிலருகே ஒரு சிறு மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம், இரண்டு மெழுகுதிரி, தீர்த்தம் இருந்தால் போதும்.

இதே வேளையில் குருவானவர் மரண வேளைக்கான பரிபூரண பலனையும் (பாவத்துக்குரிய தண்டனை முழுவதும் நீங்கும் பேறு) வழங்குவார். பலருக்கு இது இருப்பதே தெரியாது; கேட்டுப் பெறலாம். குருவானவர் கிடைக்கவே இல்லையென்றால்? வாழ்நாளில் ஏதாவது செபம் சொல்லும் வழக்கம் உள்ளவராக, தகுந்த மனநிலையோடு இறப்பவருக்குத் திருச்சபை தானாகவே அந்தப் பலனைத் தருகிறது. வழக்கமான நிபந்தனைகள் அவருக்குத் தளர்த்தப்படுகின்றன. கையில் சிலுவையைப் பிடிக்கக் கொடுப்பது நல்லது.

உயிர் பிரிந்ததும் வீட்டார் சொல்லக்கூடிய முதல் மன்றாட்டு, கடவுளின் புனிதர்களையும் வானதூதர்களையும் இந்த ஆன்மாவை எதிர்கொண்டு வந்து இறைவன் திருமுன் கொண்டுசேர்க்கும்படி கேட்பது. அது தெரியாவிட்டால் எல்லாருக்கும் தெரிந்தது இருக்கிறது: “நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே, முடிவில்லாத ஒளி இவர்மேல் ஒளிர்வதாக.” ஒருவருக்கு ‘இவருக்கு’, பலருக்கு ‘இவர்களுக்கு’, பழக்கதோஷத்தில் ஒரே ஒருவருக்குப் பன்மையில் சொல்லிவிடுவார்கள், பாதகமில்லை. ‘130-ஆம் திருப்பாடல்’ (“ஆண்டவரே! ஆழ்ந்த துயரத்தில் இருக்கும் நான்…”) நூற்றாண்டுகளாக இறந்தோருக்கான செபம், பழைய பதிப்புகளில் அது 129.

1969-இல் வெளியான அடக்கச் சடங்கு நூல், சடங்கை மூன்று இடங்களில் நடப்பதாக அமைக்கிறது: வீடு, கோயில், கல்லறை. வீட்டில் நடப்பது திருவிழிப்பு வழிபாடு. வாழ்த்து, தொடக்க மன்றாட்டு, வாசகம், திருப்பாடல், நற்செய்தி, சிறு மறையுரை, மன்றாட்டுகள், ஆண்டவர் கற்பித்த செபம், இறுதி மன்றாட்டு என்று முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். செபமாலை சொல்வது நல்ல பக்திமுயற்சிதான். ஆனால் அது இறைவார்த்தை வழிபாட்டின் இடத்தைப் பிடிக்கக் கூடாது. இரண்டுக்கும் நேரம் இருக்கிறது. செபமாலையில் துயர மறையுண்மைகளை எடுத்து, மாலையின் ஒவ்வொரு பத்து மணிகளும் முடிந்ததும் திரித்துவப் புகழுக்குப் பதிலாக ‘நித்திய இளைப்பாற்றி’ சொல்வது பரவலான வழக்கம். இறந்தவரைப் பற்றி நண்பர்களும் உறவினர்களும் பேசுவதற்குச் சரியான இடமும் இந்த விழிப்புதான். இதைச் சொல்வதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

அடக்கத் திருப்பலிக்கு நாள் குறிப்பதில்தான் குழப்பம் அதிகம். எல்லா நாளும் அடக்கத் திருப்பலி வைக்க முடியாது. கடன் திருநாளாக (திருப்பலிக்குக் கட்டாயம் போகவேண்டிய நாளாக) இருக்கும் பெருவிழாக்கள், புனித வியாழன் முதல் உயிர்ப்பு ஞாயிறு வரை, திருவருகைக் காலம், தவக்காலம், பாஸ்கா காலம் ஆகியவற்றின் ஞாயிறுகள், இவை தடை. ஆண்டின் பொதுக்கால ஞாயிறுக்குப் பொதுச் சட்டத்தில் தடை இல்லை. பங்கின் திருப்பலி நேரங்களால்தான் பெரும்பாலும் முடியாமல் போகிறது. திருநீற்றுப் புதனில் வைக்கலாம், புனித வாரத்தின் திங்கள், செவ்வாய், புதனிலும் வைக்கலாம்; இவையும் தடை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தடையுள்ள நாளில் அடக்கமே நிற்க வேண்டியதில்லை. திருப்பலி இல்லாமல் இறைவார்த்தை வழிபாடு, இறுதி ஒப்படைப்பு, நல்லடக்கம் மூன்றும் நடக்கும். நினைவுத் திருப்பலியை வேறொரு நாளில் வைத்துக்கொள்ளலாம். திருப்பலி இல்லாத சடங்கைத் திருத்தொண்டரும் (குருவுக்கு அடுத்த நிலைத் திருப்பணியாளர்) நடத்தலாம். குருவும் திருத்தொண்டரும் கிடைக்காத இடத்தில், ஆயர் பேரவை அனுமதித்திருந்தால், பொதுநிலையினர் ஒருவரே நடத்தலாம்.

கோயில் வாசலில் குருவானவர் பேழையின்மேல் தீர்த்தம் தெளிக்கிறார். திருமுழுக்கின் நினைவு அது. சில நாடுகளில் பேழைமேல் வெண்துணி போர்த்துகிறார்கள். திருமுழுக்கில் அணிந்த வெள்ளாடையின் நினைவு. உள்ளே பேழைக்கு அருகில் எரியும் பாஸ்கா திரி. பேழைமேல் நற்செய்தி நூலோ சிலுவையோ வைக்கலாம். திசைக்கும் ஒரு மரபு உண்டு: பொதுநிலையினராக இருந்தால் கால் பீடத்தை நோக்கியும், குருவாக இருந்தால் தலை பீடத்தை நோக்கியும். உயிரோடிருந்தபோது கோயிலில் எப்படி நின்றார்களோ அப்படி. குரு மக்களைப் பார்த்து, மக்கள் பீடத்தைப் பார்த்து. திருவுடையின் நிறம் ஊதா. வழக்கமுள்ள இடங்களில் கறுப்பு, சில நாடுகளில் வெள்ளை.

வாசகங்களைக் குடும்பமே தேர்ந்தெடுக்கலாம். பாஸ்கா காலத்தில் முதல் வாசகம் பழைய ஏற்பாட்டிலிருந்து எடுப்பதில்லை. திருத்தூதர் பணிகளிலிருந்தோ திருவெளிப்பாட்டிலிருந்தோ வரும். மற்ற நாள்களில் யோபு 19, சாலமோனின் ஞானம் 3, 2 மக்கபேயர் 12; இரண்டாவதாக உரோமையர் 6; நற்செய்திக்கு யோவான் 11 அல்லது 14. இறந்தவருக்குப் பிடித்த கவிதையையோ கட்டுரையையோ வாசகத்துக்குப் பதிலாக வைக்க முடியாது, விவிலியம் மட்டும்தான். ‘உன்னதங்களிலே’ பாடுவதில்லை, விசுவாச அறிக்கை இல்லை. அல்லேலூயா உண்டு, தவக்காலத்தில் மட்டும் இல்லை. முற்காலத்தில் பாடிய ‘கோபத்தின் நாள்’ என்ற நீண்ட இலத்தீன் பாடல் 1969-க்குப் பிறகு அடக்கத் திருப்பலியில் கிடையாது; பொதுக்காலத்தின் 34-ஆவது வாரத் திருப்புகழ்மாலையில் (குருக்களும் துறவியரும் சொல்லும் நேரச் செபம்) விருப்பப் பாடலாகத் தங்கியிருக்கிறது.

இப்போது, எல்லாரும் சண்டை போடும் விஷயம்: புகழுரை. உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை (எண் 382) தெளிவாக இருக்கிறது. அடக்கத் திருப்பலியில் சிறு மறையுரை இருக்கும்; எவ்வகைப் புகழுரையும் இருக்கக் கூடாது. நற்குணங்களைத் தொட்டுப் பேசவே கூடாது என்று இதற்குப் பொருளல்ல. ஒருவரின் விசுவாச வாழ்வை எடுத்துக்காட்டி, கிறிஸ்துவின் உயிர்ப்பைப் பற்றிப் பேசலாம். வாழ்க்கை வரலாறும் பதவிப் பட்டியலும் மறையுரையாகிவிடக் கூடாது. நன்றியுணர்வுக் குடும்ப வார்த்தை இரண்டு நிமிடம் வேண்டுமென்றால், நற்கருணைக்குப் பின்வரும் மன்றாட்டு முடிந்து, இறுதி ஒப்படைப்பு தொடங்கும் முன் பேசலாம், அதுவும் பங்குத்தந்தையிடம் முன்பே கேட்டுக்கொண்டு. எழுதி வைத்துப் படிப்பது நல்லது. எழுதாமல் மேடையேறுபவர்கள் இரண்டு நிமிடத்தை இருபதாக்குவார்கள். கல்லறைக்குப் போக வண்டி காத்துக்கொண்டிருக்கும்.

இறுதி ஒப்படைப்புதான் இந்தத் திருப்பலிக்கே உரிய பகுதி. வழக்கமான முடிவுச் சடங்கு விடப்பட்டு அதன் இடத்தில் இது வருகிறது. குருவானவர் அழைப்புச் சொன்னதும் எல்லாரும் மௌனமாகச் செபிக்க வேண்டும். இந்த மௌனத்தை அவசரப்பட்டுப் பாட்டால் நிரப்பிவிடுவது பாடகர் குழு செய்யும் வழக்கமான பிழை. பிறகு தீர்த்தம், தூபம், பிரியாவிடைப் பாடல், ஒப்படைக்கும் மன்றாட்டு. அந்த உடல் தூய ஆவியின் கோயிலாக இருந்தது என்பதால் தூபம். உடல் அங்கே இருக்கும்போதுதான் இந்த ஒப்படைப்பு நடக்கும். அதனால் வெளிநாட்டில் அடக்கம் முடிந்தவருக்கு இங்கே வைக்கும் நினைவுத் திருப்பலியில், படத்தை வைத்து அதற்குத் தீர்த்தம் தெளித்துத் தூபம் காட்டி இறுதி ஒப்படைப்பு செய்வது முறையல்ல. எத்தனை பேர் வருத்தப்பட்டாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. சடங்கு படத்துக்கு அல்ல, உடலுக்கு.

கல்லறைத் தோட்டம் மந்திரிக்கப்படாததாக இருந்தால், அந்தக் குழியை மட்டும் அப்போதே மந்திரிக்க வேண்டும். மந்திரிப்பு, அடக்க வார்த்தை, மன்றாட்டுகள், ஆண்டவர் கற்பித்த செபம், ‘நித்திய இளைப்பாற்றி’. பிறகு இறப்புப் பதிவேட்டில் பதிவு. இதைப் பங்கு அலுவலகத்தில் சொல்லி எழுதவைப்பது குடும்பத்தின் வேலையாகவே ஆகிவிடுகிறது. வேறு பங்கில் அடக்கம் நடந்தால் மறந்துபோகும். சொந்தப் பங்குக்கு வெளியே வேறு கோயிலில் சடங்கு வைக்கலாம். அந்தக் கோயிலின் பொறுப்பாளர் சம்மதிக்க வேண்டும், சொந்தப் பங்குத்தந்தைக்குத் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான்.

எரிப்பதைப் பற்றி. 1886-இல் தடை செய்தார்கள்; உயிர்ப்பை மறுப்பதற்கென்றே தகனத்தை ஒரு கொள்கையாகப் பரப்பியவர்கள் இருந்த காலம் அது. 1963-இல் அந்தத் தடை நீங்கியது. இப்போதைய சட்டம் (எண் 1176) புதைப்பதை உளமாரப் பரிந்துரைக்கிறது. கிறிஸ்தவப் படிப்பினைக்கு எதிரான நோக்கத்தோடு தேர்ந்தாலொழிய எரிப்பதைத் தடுக்கவில்லை. ஆகவே பாவமல்ல. பிரச்சினை சாம்பலில் தொடங்குகிறது. 2016-இல் வந்த வத்திக்கான் அறிவுறுத்தல் சொல்வது: சாம்பல் கல்லறைத் தோட்டம் போன்ற புனித இடத்தில் வைக்கப்பட வேண்டும், வீட்டில் வைக்கக் கூடாது (மிக அரிதான, கடுமையான காரணம் இருந்தால் ஆயர் அனுமதிக்கலாம்), குடும்பத்தார் பங்கு பிரித்துக்கொள்ளக் கூடாது, காற்றிலோ நிலத்திலோ நீரிலோ தூவக் கூடாது, நகையாகவோ நினைவுப் பொருளாகவோ செய்யக் கூடாது. ஒரு தலைமுறை போனதும் அலமாரியில் இருக்கும் குடுவை யாருடையது என்பதே மறந்துபோகும் என்பது இதற்குச் சொல்லும் காரணங்களில் ஒன்று. பங்கு மக்களின் செபத்திலிருந்தும் அவர் விலகிப்போவார். 2023 டிசம்பரில் ஒரு விளக்கம் வந்தது. பலருடைய சாம்பலைச் சேர்த்து வைக்கும் பொதுப் புனித இடம் அமைக்கலாம், ஆனால் ஒவ்வொருவர் பெயரும் பதிவாக வேண்டும். மிகச் சிறு பகுதியை இறந்தவரின் வாழ்வோடு தொடர்புள்ள இடத்தில் வைக்கக் குடும்பம் கேட்டால் திருச்சபை அதிகாரி அதைப் பரிசீலிக்கலாம். ‘இனிமேல் தூவலாம்’ என்று இதைச் சிலர் பரப்பினார்கள், அது தவறு.

நடைமுறையில் வரிசை முக்கியம்: முடிந்தவரை முதலில் உடலோடு அடக்கத் திருப்பலி, பிறகு தகனம், பிறகு சாம்பலுக்கு நல்லடக்கம். மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள், தகனத்தோடு எல்லாம் முடிந்ததாக நினைத்து. மருத்துவக் கல்லூரிக்கு உடலைத் தருவதற்கும் உறுப்பு தானத்துக்கும் தடையில்லை. மிஞ்சிய உடல் பிறகு திரும்பக் கிடைத்தால் அதை அடக்கம் செய்ய வேண்டும்.

தற்கொலை செய்துகொண்டவருக்கு அடக்கம் மறுப்பது 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் அது இல்லை. இன்னமும் “அவர்களுக்குப் பூசை கிடையாது” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வேதனையில் இருக்கும் குடும்பத்திடம் அப்படிச் சொல்வது தவறு மட்டுமல்ல, கொடுமையும்கூட. திருமுழுக்குக்குத் தயாரித்துக்கொண்டிருந்தவருக்குக் கத்தோலிக்கருக்குரிய அதே சடங்கு. திருமுழுக்குக்கு முன்பே இறந்த குழந்தைக்கு, பெற்றோர் அதைக் கொடுக்க எண்ணியிருந்தால், ஆயரின் அனுமதியோடு சடங்கு உண்டு. சிறு வயதில் இறந்த, திருமுழுக்குப் பெற்ற குழந்தைக்கு மன்றாட்டுகளின் சாயலே வேறு: பாவ விடுதலை கேட்பதில்லை, பெற்றோரின் ஆறுதலையே கேட்கும். பெரியவருக்கான பாடத்தைக் குழந்தைக்கு வாசித்துவிடாதபடி முன்கூட்டியே புத்தகத்தில் பக்கம் குறித்து வைக்க வேண்டும்.

பூசைகள் எத்தனை? கணக்கு கிடையாது. 3, 7, 30-ஆம் நாள், ஆண்டு நினைவு என்பவை பழைய உரோமை வழக்கம்; கட்டாயமில்லை. ஆனால் ‘கருத்து’ (யாருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்பது) வேறு, ‘இறந்தோருக்கான திருப்பலிப் பாடம்’ (அதில் சொல்லும் செபங்கள்) வேறு. ஆண்டு நினைவு ஞாயிற்றில் வந்தால் குருவானவர் ஞாயிறு பாடத்தையே எடுப்பார். கருத்து மட்டும் உங்கள் தந்தைக்காக இருக்கலாம். பங்குத்தந்தை ஞாயிறும் கடன் திருநாளும் ஒரு திருப்பலியைப் பங்கு மக்களுக்காகவே ஒப்புக்கொடுக்க வேண்டும் என்பதால், ஒரே ஒரு பூசை நடக்கும் கோயிலில் அன்று இடம் கிடைக்காமல் போகலாம். வாரநாள் கேட்டால் எளிது. கத்தோலிக்கரல்லாதவருக்காகவும் பூசை கொடுக்கலாம்; சட்டம் (எண் 901) உயிரோடிருப்போர், இறந்தோர் என யாருக்காகவும் ஒப்புக்கொடுக்கக் குருவுக்கு உரிமை தருகிறது.

ஒரு காணிக்கைக்கு ஒரு பூசை. பத்துக் கருத்துகளை ஒரே பூசையில் சேர்ப்பது, காணிக்கை கொடுத்தவர்களுக்குத் தெரிந்து அவர்கள் மனமுவந்து சம்மதித்தால் மட்டுமே, அதுவும் வரம்புக்குள். அதனால் கொடுக்கும்போதே, தனிக் கருத்தா கூட்டுக் கருத்தா என்று கேட்டுக்கொள்வது உங்கள் உரிமை. காணிக்கை கொடுக்க முடியாதவருக்குப் பூசை இல்லை என்பதும் கிடையாது.

கிரகோரியன் பூசை என்பது 30 நாள் தொடர்ச்சியாக, இறந்த ஒருவருக்காக மட்டும். உயிரோடிருப்பவருக்கோ, குடும்பத்தின் எல்லா ஆன்மாக்களுக்கோ அல்ல. பெரிய கிரகோரியார் (திருத்தந்தையாக 590–604) தம் மடத்தில் ஜூஸ்துஸ் என்ற துறவி மூன்று பொற்காசுகளை ஒளித்து வைத்திருந்ததையும், அவர் இறந்தபின் அவருக்காக 30 நாள் பலி ஒப்புக்கொடுத்ததையும் எழுதிவைத்தார். மரபு அங்கே தொடங்கியது. ஒரே குரு, ஒரே பீடம் என்ற கட்டாயமில்லை. எதிர்பாராத தடையால் ஒரு நாள் விடுபட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, 1967-ஆம் ஆண்டு விளக்கத்தின்படி மீதியைக் கூடிய விரைவில் முடித்தால் போதும். ஆனால் பணிச்சுமை உள்ள பங்குக் குருவால் 30 நாள் வேறு கருத்து எடுக்காமல் இருக்க முடியாது. துறவற இல்லங்களில் கேட்பதே நடைமுறை.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். 998-ஐ ஒட்டி குளூனி மடத்தின் ஒடிலோ தொடங்கிய வழக்கம். முதல் உலகப்போரின் சாவுகளுக்கு நடுவே 1915-இல் திருத்தந்தை 15-ஆம் பெனடிக்ட் அன்று ஒவ்வொரு குருவும் மூன்று திருப்பலி ஒப்புக்கொடுக்க அனுமதித்தார். ஒன்று விரும்பிய கருத்துக்கு, ஒன்று இறந்த விசுவாசிகள் அனைவருக்கும், ஒன்று திருத்தந்தையின் கருத்துக்கு. காணிக்கை ஒன்றுக்கு மட்டும்.

பரிபூரண பலன் பெற வழிகள் இரண்டு. நவம்பர் 1 முதல் 8 வரை ஏதாவது ஒரு நாளோ எல்லா நாளுமோ கல்லறைத் தோட்டத்துக்குப் போய் இறந்தோருக்காக வேண்டுவது. நவம்பர் 2 அன்று கோயிலுக்குப் போய் ஆண்டவர் கற்பித்த செபமும் விசுவாச அறிக்கையும் சொல்வது. இரண்டு பலனும் இறந்தோருக்கு மட்டுமே. ஒரு நாளைக்கு ஒன்றுதான். காலையில் கோயிலும் மாலையில் கல்லறையும் போனால் இரண்டு கிடைக்காது. நிபந்தனைகள்: பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்காக ஒரு செபம் (ஆண்டவர் கற்பித்த செபம் ஒன்றும் அருள் நிறைந்த மரியே ஒன்றும் போதும்), எந்தப் பாவத்தின்மேலும், அற்பப் பாவத்தின்மேலும் பற்றில்லாத மனம். பாவசங்கீர்த்தனம் முன்னும் பின்னும் ஏறக்குறைய 20 நாளுக்குள் இருந்தால் போதும், ஒன்றே பல நாள் பலன்களுக்கு உதவும். நற்கருணையும் செபமும் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாக வேண்டும். இதில்தான் தவறுகிறார்கள்: எட்டு நாளும் கல்லறைக்குப் போய், ஞாயிறு மட்டும் நற்கருணை வாங்குவார்கள். நிபந்தனை ஏதாவது குறைந்தால் பலன் பரிபூரணமாக இல்லாமல் பகுதிப் பலனாகிறது. எட்டையும் ஒரே ஆன்மாவுக்குக் கொடுக்கலாம், எட்டுப் பேருக்கும் பிரிக்கலாம். கல்லறை முன்னால் நின்று வாய்விட்டுச் சொல்ல வார்த்தை வரவில்லையென்றால், மனத்துக்குள் வேண்டினாலும் போதும் என்று விதியிலேயே இருக்கிறது.